கரையேறிப் பால் கொடுத்தவர்கள்

“பால் ஊறல நர்ஸம்மா.”

சீர்காழிக்கு மேற்கே கிராம சுகாதார செவிலியராக 34 வருஷம் வேலை பார்த்தேன். அத்தனை வருஷத்தில் என் காதில் அதிகம் விழுந்தது இந்த வார்த்தைதான். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் சொல்வார்கள். பேர் வைத்த கையோடு சொல்வார்கள். நடவுக்குத் திரும்பிய மறுவாரம் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கும் மாமியாரும் ஆமாம் என்று தலையாட்டுவார். கையைக் கழுவிக்கொண்டு மார்பைத் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பால் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு இல்லாதது தூக்கமும், வயிறு நிறையச் சோறும், பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுக்க ஒரு கையும்.

இந்த வார்த்தைக்கு எங்கள் பக்கத்தில் காலாகாலமாக யார் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதிவைக்க ஆசை. ராஜாக்களின் கதையைக் கல்வெட்டில் படித்துவிடலாம். இந்தக் கதை கிழவிகளோடு போய்க்கொண்டிருக்கிறது.

என் அப்பாயியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் மருத்துவச்சி. எங்கள் குலத்தில் ஆண்கள் முடி திருத்துவார்கள், பெண்கள் பிள்ளைப்பேறு பார்ப்பார்கள். மண்ணியாற்றங்கரையில் ஆறேழு ஊருக்கு அப்பாயிதான். இன்ன கூலி என்று கணக்குக் கிடையாது. ஆண் பிள்ளை என்றால் ஒரு மரக்கால் நெல் கூட வரும். அறுவடைக்குக் களத்தில் ஒரு பங்கு. தீட்டுக் கழிக்கும் நாளில் ஒரு பழம்புடவை. பெரிய வீடுகளில் கொல்லை வழியாகப் போய்க் கொல்லை வழியாக வருவார். சேரிக்கு அவர் போனதில்லை. அங்கே அவர்களுக்கென்று ஒரு கிழவி இருந்தார். இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

பிள்ளை விழுந்ததும் முதல் காரியம் சேனை வைப்பது. வீட்டில் நல்ல குணம் என்று பேரெடுத்த ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பார். அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. “ஒனக்கு யாரு சேனை வச்சா?” என்று கோபத்தில் இன்றைக்கும் கேட்கிறோமே, அது இதுதான். அதன் பிறகு கழுதைப்பால் ஒரு சங்கு. பிறகு மூன்று நாளைக்குக் கருப்பட்டித் தண்ணீர். தாயின் சீம்பாலை அப்பாயி பீய்ச்சிக் கீழே விட்டுவிடுவார். “பத்து மாசம் தேங்கிக் கெடந்த பாலு, புள்ளைக்கு ஆவாது” என்பார்.

எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது. பசு கன்று போட்டால் அதன் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்துத் தெருவெல்லாம் கொடுத்துத் தின்ற ஊர் எங்கள் ஊர். அந்த மஞ்சள் பாலின் அருமை மாட்டில் தெரிந்தது, மனுஷியில் தெரியவில்லை. முதல் நாள் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது ஒரு தேக்கரண்டிதான். சீம்பாலும் அவ்வளவுதான் சுரக்கும். நோயை எதிர்க்கும் சத்து அதில்தான் செறிவாக இருக்கிறது. அது மண்ணில் போய், அழுக்குச் சங்கும் கிணற்றுத் தண்ணீரும் பிள்ளைக்குப் போனது. எத்தனை பிள்ளைகள் பத்து நாள் தாண்டாமல் போயின என்பதற்குக் கணக்கு வைத்தவர் யாருமில்லை.

ஆனால் அப்பாயிக்குத் தெரிந்த வேறு சிலவற்றை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. பத்து நாள் அவர் தாயை விட்டு நகர மாட்டார். காலையில் எண்ணெய் தடவி, நொச்சியும் வேம்பும் போட்டுக் கொதித்த தண்ணீர் ஊற்றுவார். பூண்டை நெருப்பில் சுட்டுச் சோற்றில் பிசைந்து வைப்பார். பால்சுறா கிடைத்தால் புட்டு, கிடைக்காவிட்டால் முருங்கைக்கீரை. தாய்க்கு முதுகில் சுருட்டிய துணியை அண்டக் கொடுத்து, பிள்ளையின் வயிறு தன் வயிற்றில் ஒட்டும்படி படுக்கப் போட்டுக்கொள்ளச் சொல்வார். “காம்ப மட்டும் குடுக்காதடி, கருப்பு முச்சூடும் வாய்க்குள்ள போவணும்” என்று அவர் சொன்னதைத்தான் இருபது வருஷம் கழித்து உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சிப் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள்.

அப்பாயி ஒரு வீட்டுக்குப் பூ எடுத்துப் போனால் எனக்கு விஷயம் தெரிந்துவிடும். பிள்ளை தங்காத வீடு அது. பிள்ளை போனாலும் பாலுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் கல்லாகக் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும். அப்பாயி மல்லிகைப்பூவை நெருக்கமாகத் தொடுத்து, வாழையிலையில் சுற்றி, முந்தானையில் மறைத்து எடுத்துப்போவார். மார்பைச் சுற்றிப் பூவை வைத்து மேலே துணியால் கட்டுவார். சாயங்காலம் வாடிய பூவை எடுத்துப் புதுப்பூ வைப்பார். நாலைந்து நாளில் பால் வற்றிவிடும். அந்த நாலைந்து நாளும் அந்த வீட்டில் அவர் பேசியதே இல்லை. இதை மூடநம்பிக்கை என்று நானே ஒரு காலத்தில் நினைத்தேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதே மல்லிகையை, பாலை நிறுத்தக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, மல்லிகையும் வேலை செய்கிறது என்று 1988-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அப்பாயி அதற்கு ஒன்பது வருஷம் முன்பே போய்விட்டார்.

அவர் விட்டுப்போன சொத்தில் என்னிடம் இருப்பது ஒரு பித்தளைப் பாலாடை. உள்ளங்கையில் அடங்கும். குழிந்த வயிறு, ஒரு பக்கம் நீண்டு குவிந்த மூக்கு. அந்த மூக்கைப் பிள்ளையின் உதட்டோரம் வைத்துச் சாய்த்தால் பால் சொட்டுச் சொட்டாக இறங்கும். உறிஞ்சத் தெம்பில்லாத குறைமாதப் பிள்ளைக்கு அதுதான் உயிர். இந்தப் பாலாடையைப் பற்றிப் பின்னால் இன்னொன்று சொல்ல வேண்டும்.

வேலையில் சேர்ந்த பிறகு, அப்பாயி போகாத சேரிக்கு நான் போனேன். 1984-ல் அதற்குக் காலனி என்று பெயர் மாறியிருந்தது. அங்கே எனக்குக் கிடைத்தது வேறு சரித்திரம்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஆயா, பேத்தியின் பிள்ளையை நான் எடைபோடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஒங்க தராசெல்லாம் எங்க புள்ளைவொளுக்கு அப்ப இல்ல தாயி. வரப்புல தூளி கெடக்கும். புள்ள கத்தும். நாங்க சேத்துல நிப்போம். மாருல பாலு கட்டி, ரவிக்கை இல்லாத ஒடம்புல தானா வழியும். கரையேறுனா காரியக்காரன் கம்ப எடுப்பான். பொழுது சாஞ்சி போனா, புள்ள அழுது அழுது தூங்கியிருக்கும்” என்றார். அழவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்.

அவர்கள் பண்ணையாட்கள். பரம்பரையாக ஒரு மிராசு வீட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள். தாமதமாக வந்தால் சாட்டையடி, சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பால் என்று கீழத்தஞ்சையில் நடந்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நடவு நேரத்தில் ஒரு தாய் வரப்பேறிப் பிள்ளைக்குப் பால் கொடுப்பதுகூட எஜமானின் தயவில் இருந்தது என்பதை அந்த ஆயா சொல்லித்தான் நான் முதன்முதலில் கேட்டேன். கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் 1943-ல் தஞ்சைக்கு வந்து பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார். 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் நெல்லையும் வெளியேற்றத்தையும் பற்றியது. தாய்ப்பால் என்ற வார்த்தை அதில் இல்லை. “செங்கொடி வந்தப்புறம்தான் நாங்க கேக்காம கரையேறுனோம்” என்றார் ஆயா. தாய்ப்பாலுக்காக எங்கள் மாவட்டத்தில் நடந்த முதல் போராட்டம் என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். மருத்துவர்களின் மாநாடுகளெல்லாம் அதற்கு வெகுகாலம் பின்னால்தான் வந்தன.

1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டம், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலைக்கு நடுவே தினம் இரண்டு முறை பால் கொடுக்க நேரம் விட வேண்டும் என்றது. ஆலைக்கும் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் அது போனது. சேற்றில் நின்ற பெண்ணுக்கு அது வரவில்லை. 1987-ல் மகப்பேறு உதவித் திட்டம் ஒன்றை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தபோதுதான், நடவுக்காரிக்கும் கையில் கொஞ்சம் பணம் வந்தது. அதை வைத்து எத்தனை நாள் வீட்டில் இருந்தாளோ அத்தனை நாள் பிள்ளை மார்பில் இருந்தது. நான் வீடுவீடாகக் கண்டது அது.

டின் பால் எங்களுக்குக் கடல் வழியாக வந்தது.

எங்கள் தாலுகாவில் பினாங்கு, சிங்கப்பூர் என்று ஆள் போன வீடுகள் நிறைய. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் போய், வருஷங்கள் கழித்துத் தகரப் பெட்டியோடு திரும்புவார்கள். பெட்டியில் கைலி, கோடாலித் தைலம், சீமைப் பால் டின். சர்க்கரை போட்டுக் காய்ச்சிக் கெட்டியாக்கிய பால் அது. அதில் ஒரு கரண்டியைச் சுடுதண்ணீரில் கலக்கிப் பிள்ளைக்குக் கொடுப்பது வசதிக்கு அடையாளம். அந்தப் பிள்ளைகள் பார்க்கக் கொழுகொழுவென்று இருப்பார்கள், வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு நாள் தாங்க மாட்டார்கள் என்று அப்பாயி சொல்வார்.

அப்பாயி சொன்னதையே அதே கடலின் மறுகரையில் ஒரு மருத்துவர் மேடை ஏறிச் சொல்லியிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் வேலை பார்த்தபோது, புரதம் போதாமல் பிள்ளைகள் உடம்பு வீங்கிச் சாவதைக் கவனித்து, அந்த ஊர்ப் பெண்கள் அதற்கு வைத்திருந்த குவாஷியார்க்கர் என்ற பெயராலேயே மருத்துவ உலகுக்குச் சொன்னவர். பிறகு மலாயாவுக்கு மாற்றலானார். அங்கே டின் பால் குடித்த பிள்ளைகள் சாவதைப் பார்த்தார். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். பொருந்தாத பாலைத் தாய்மார்களிடம் தள்ளிவிடுவதால் நேரும் சாவுகளைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். வியாபாரிகளும் அதிகாரிகளும் உட்கார்ந்திருந்த சபையில், ஒரு பெண், அந்தக் காலத்தில். அவர் துணிச்சலை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பவுடர் பால் வந்த வழி வேறு. நியூஸிலாந்தில் பாலை உலர்த்தி விற்ற ஒரு குடும்பம் 1906-ல் ‘கிளாக்ஸோ’ என்று அதற்குப் பெயர் பதிந்தது. இந்தியாவில் 1920-களிலேயே அது விற்பனைக்கு வந்துவிட்டது. அதே நியூஸிலாந்திலிருந்துதான் டாக்டர் ட்ரூபி கிங்கின் கடிகாரமும் கிளம்பியது. நாலு மணிக்கு ஒரு தடவை பால், ராத்திரியில் கூடாது, அழுதாலும் தூக்காதே என்பது அவர் முறை. தாய்ப்பாலை அவர் எதிர்த்தவரில்லை, ஆதரித்தவர்தான். ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தால் பால் குறையும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் ஊறும், அதுவும் ராத்திரியில் உறிஞ்சுவதற்கு மிக நன்றாக ஊறும். கடிகாரம் பாலைக் குறைத்தது, குறைந்த இடத்தில் டின் வந்து உட்கார்ந்தது.

இந்தக் கடிகாரம் என் கையிலும் இருந்தது. எனக்குக் கற்றுத்தந்த புத்தகத்தில் மணிக்கணக்குதான் இருந்தது. 1985-ல் காலனியில் தலைப்பிள்ளைக்காரி ஒருத்திக்கு நான் அதைத்தான் சொன்னேன். “நர்ஸம்மா சொல்லிட்டாங்க” என்று அவள் பிள்ளையை அழவிட்டுச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றே வாரத்தில் பால் வற்றியது. அவள் புருஷன் கடன் வாங்கி டின் வாங்கினான். ஒரு டின்னை நாலு நாளில் தீர்க்காமல் பத்து நாள் ஓட்ட, தண்ணீரைக் கூட்டிக் கலக்கினார்கள். பிள்ளையின் எடை அட்டையில் கோடு கீழே இறங்கியதை நான்தான் வரைந்தேன். பிள்ளை பிழைத்தது. அந்தக் கோட்டை நான் மறக்கவில்லை.

நானே 1987-ல் பிள்ளை பெற்றேன். எங்களுக்கு அப்போது விடுப்பு 90 நாள். 91-ஆம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், அடுத்தவளுக்குத் தாய்ப்பாலின் பெருமையைச் சொல்லிவிட்டு, நனைந்த ரவிக்கையோடு வீடு திரும்புவேன். இரண்டாம் மாதமே என் மாமியாரிடம் “பால் ஊறலத்தே” என்று நானும் சொன்னவள்தான். அவர் ஒன்றும் பேசாமல் பூண்டு உரிக்க உட்கார்ந்தார். அரசு ஊழியருக்கான அந்த விடுப்பு 2011-ல் 6 மாதம், 2016-ல் 9 மாதம், 2021-ல் 12 மாதம் என்று கூடியது. ஒவ்வொரு முறையும் சந்தோஷப்பட்டேன். காலனிப் பெண்களுக்கு அப்படி ஒரு விடுப்பு இல்லை என்பதையும் நினைத்தேன்.

நான் பயிற்சி எடுத்த காலத்தில் பிரசவ வார்டுச் சுவரில் கொழுத்த வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கும் காலண்டர் தொங்கும். மாதம் ஒரு முறை கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் பை நிறைய மாதிரி டின்களோடு வருவார். வீட்டுக்குப் போகும் தாய்க்கு ஒன்று இலவசம். அந்த ஒரு டின் தீர்வதற்குள் பால் குறைந்துவிடும். அடுத்த டின்னுக்குக் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். எவ்வளவு கணக்காகச் செய்தார்கள்!

உலகத்தில் இதற்கு எதிராகக் குரல் எழுந்துகொண்டிருந்தது. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் உணவுகளை விளம்பரப்படுத்துவதற்கு நெறிமுறை வகுத்தது. 118 நாடுகள் ஆதரவு. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. அந்தப் பேரவையில் இந்திரா காந்தி உரையாற்றினார். அதைச் சட்டமாக்க இந்தியாவுக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. 1992-ல் இயற்றிய சட்டம் 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டின்மேல் குழந்தைப் படமோ தாயின் படமோ கூடாது. இலவச மாதிரி கூடாது. செவிலியருக்கும் மருத்துவருக்கும் பரிசு கூடாது. 2003-ல் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். வார்டுச் சுவரிலிருந்து அந்தக் காலண்டர் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். ஆணி மட்டும் கொஞ்ச நாள் இருந்தது.

உலகத் தாய்ப்பால் வாரம் என்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் கொண்டாடுகிறோமே, 1992-ல் அதைத் தொடங்கிய கூட்டமைப்பின் தலைமை அலுவலகம் பினாங்கில் இருக்கிறது. எங்கள் ஊருக்கு டின் வந்த அதே பினாங்கு.

90-களின் நடுவில் எங்களுக்குப் புதுப் பயிற்சி கொடுத்தார்கள். பிறந்த உடனே மார்பில் போடு, சீம்பாலைக் கொடு, கேட்கும்போதெல்லாம் கொடு, புட்டி வேண்டாம் என்றார்கள். வடக்கேயிருந்து வந்த ஒரு மருத்துவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனவர், எடை குறைந்த பிள்ளைக்குப் பாலைப் பீய்ச்சி எதில் கொடுப்பது என்ற இடத்தில் “பலடை, பலடை” என்றார். எங்களுக்குப் புரியவில்லை. படத்தைக் காட்டினார். அப்பாயியின் பாலாடை! குழந்தை மருத்துவப் புத்தகங்களில் வேறு பேரில்லாமல் அந்தப் பேரிலேயே அது ஏறிவிட்டிருந்தது. ஹாலில் இருந்த நாற்பது செவிலியர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புட்டி வந்த நாளில் பழசு என்று பரண்மேல் போட்ட சாமான், இங்கிலீஷ் புத்தகத்தின் வழியாக எங்களிடமே திரும்பி வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

அந்தப் பயிற்சியில் கற்ற இன்னொரு வித்தை என் பையை விட்டு நீங்கவே இல்லை. சில பெண்களுக்குக் காம்பு உள்ளே அமிழ்ந்திருக்கும். பிள்ளைக்குப் பிடி கிடைக்காது. 10 மில்லி சிரிஞ்சு ஒன்றை எடுத்து, ஊசி மாட்டும் முனையை பிளேடால் அறுத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் தண்டை உருவி, அறுத்த பக்கமாகச் செருக வேண்டும். வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பின்மேல் வைத்துத் தண்டை மெல்ல இழுத்தால் காம்பு எழும்பி வரும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். கர்நாடகத்தில் தாவணகெரே மருத்துவர்கள் 1993-ல் எழுதிய முறை இது. நாலைந்து ரூபாய்ச் சாமான். அதை வைத்து எத்தனை டின்களைத் தடுத்தேன் என்று எண்ணவில்லை.

பீய்ச்சிய பாலைக் கிண்ணத்தில் கொடுக்கச் சொன்னால் மாமியார்கள் முகம் சுளிப்பார்கள். “கறந்து குடுக்க அது என்ன மாடா?” என்பார்கள். எங்கள் சீர்காழியில் சித்திரையில் திருமுலைப்பால் திருவிழா நடக்கும். ஞானசம்பந்தருக்கு அம்பாள் பால் கொடுத்த நாள். “ஆயா, அம்பாள் அந்தப் பிள்ளைக்கு எதில கொடுத்தா? பொற்கிண்ணத்தில தானே? கறந்துதானே கொடுத்தா?” என்று கேட்பேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவ எழுந்து போவார்கள். ஒரு கிழவிகூட அதற்கு மேல் மறுத்ததில்லை.

என் கணவர் தமிழாசிரியர். செவிலி என்ற சொல் சங்கப் பாட்டில் வளர்ப்புத் தாய்க்குப் பெயர் என்பார். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. நீராட்ட ஒருத்தி, பாலூட்ட ஒருத்தி, தாலாட்ட ஒருத்தி என்று பிரித்து நிகண்டு ஐவகைத் தாயரைச் சொல்கிறதாம். நர்ஸுக்குச் செவிலியர் என்று பேர் வைத்தவர் அதை யோசித்துத்தான் வைத்திருப்பார். அந்தச் சொல்லின் முழுப் பொருளை நான் கண்டது சுனாமியில்.

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். மறுநாள் கடலோரத்துப் பள்ளிக்கூட முகாம் ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். லாரி லாரியாகச் சாமான் வந்து இறங்கியது. அதில் பால்பவுடர் டின்களும் புட்டிகளும் பெட்டி பெட்டியாக இருந்தன. அனுப்பியவர்கள் நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். ஆனால் அங்கே குடிக்கவே நல்ல தண்ணீர் இல்லை. புட்டியை வேகவைக்க அடுப்பு எங்கே? அந்தத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் கடல் விட்டுவைத்த பிள்ளையை வயிற்றுப்போக்கு கொண்டுபோகும்.

தாய்மார்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். “பயத்துல பாலு வத்திப்போச்சு.” ஒருத்தி, “கடலு எம்பாலையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போயிருச்சு நர்ஸம்மா” என்றாள். பயத்தில் பால் வற்றாது. இறங்க மறுக்கும், அவ்வளவுதான். மனசு தணிந்தால் இறங்கும். ஒரு வகுப்பறையைப் பால் கொடுக்கிற தாய்மாருக்கென்று ஒதுக்கினோம். வாசலில் புடவை கட்டி மறைத்தோம். சுடச்சுடக் கஞ்சி. பின்னால் உட்கார்ந்து, கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டோம். பிள்ளையைத் துணியில்லாமல் வெறும் மார்பில் போட்டு வைத்தோம். அன்று ராத்திரியே சிலருக்கு இறங்கியது. மூன்றாம் நாள் அந்த அறையில் டின் கேட்பவர் இல்லை. பவுடரில் பெரியவர்களுக்கு டீ போட்டோம்.

தாயை இழந்த பிள்ளை ஒன்று இருந்தது. நாலு மாதம். அதற்குப் பாலாடையில் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூலையில் ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இவள் கைப்பிள்ளையைக் கடல் எடுத்துவிட்டது. மார்பு கட்டிக் காய்ச்சலாகக் கிடந்தாள். நான் மல்லிகைப்பூவுக்கு ஆள் அனுப்பியிருந்தேன். பூ வந்தது. பொட்டலத்தைப் பார்த்ததும் எதற்கென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தாள். “பூ வேணாம். அந்தப் புள்ளையக் குடுங்க” என்றாள். அவள் கர்ப்பகால அட்டை அந்த ஊர்ச் செவிலியருக்கு மனப்பாடம்; இரத்தத்தில் குறை எதுவும் இல்லை என்றார். கொடுத்தேன். பிள்ளை இரண்டு மூன்று முறை முகத்தைத் திருப்பிவிட்டுப் பிறகு பிடித்துக்கொண்டது. நாங்கள் யாரும் பேசவில்லை. பூவை யாரோ பிள்ளையார் படத்துக்குப் போட்டார்கள்.

நான் 2018-ல் ஓய்வு பெற்றேன். சீம்பாலைக் கொட்டுகிற வீடு இன்று எங்கள் பக்கத்தில் இல்லை. கழுதைப்பால்காரர் வந்தால் விரட்டிவிடுகிறார்கள். ஆறு மாதம் தண்ணீர்கூட வேண்டாம் என்பது பள்ளிப் பெண்களுக்கும் தெரியும். நாங்கள் முதலில் நாலு மாதம் என்று சொல்லிக்கொண்டிருந்து, 2001-ல் உலக சுகாதாரப் பேரவை ஆறு மாதம் என்று முடிவாகச் சொன்ன பிறகு மாற்றிக்கொண்டோம். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான். ஆனாலும் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற கணக்கில் இந்தியச் சராசரியான 63.7 சதவீதத்துக்கும் கீழேதான் நாம் இருந்தோம். பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவைச் சிகிச்சை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். வயிற்றுத் தையலோடு படுத்திருப்பவளுக்குப் பிள்ளையைத் திருப்பிப் போட்டுக்கொடுக்க ஆள் வேண்டும். அப்பாயி பத்து நாள் பக்கத்தில் இருந்தார். இன்று வார்டில் ஒரு செவிலிக்கு எத்தனை கட்டில் என்று எனக்குத் தெரியும். டின் இப்போது இரண்டாம் நாளே, “தற்காலிகமாக” என்ற பெயரில், உள்ளே வந்துவிடுகிறது.

பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளை 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு திறந்தது. 350-க்கும் மேல். செய்தியைப் படித்த அன்று அந்த வெற்றிலை மென்ற ஆயாவை நினைத்துக்கொண்டேன். அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும். போன வருஷம் மருமகளோடும் பேரனோடும் ஒரு பெரிய ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பேரன் பசியில் கத்தினான். அறை இருந்தது. கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று மூன்று பேரைக் கேட்டேன். நாலாவது ஆள் எடுத்துவந்து திறந்தார். உள்ளே துடைப்பங்களும் உடைந்த நாற்காலிகளும் கிடந்தன. நான் முந்தானையை விரித்துப் பிடிக்க, அவள் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து கொடுத்தாள்.

அடுத்த முறை உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் போகும்போது அந்த அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். திறக்கச் சொல்லுங்கள். கேட்கிறவர் ஆணாக இருந்தால் இன்னும் நல்லது.